பெற்றோரின் சுடுசொல்லுக்குப் பிறகு: எல்லையோர ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழ்வழி வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகிறது. முதலமடை மாங்காய்க்கு வருடத்தில் ஒரு சீசன். எங்கள் பக்கத்துப் பெற்றோரின் கோபத்துக்கு இரண்டு. ஓணப் பரீட்சை பேப்பர் கொடுக்கும் வாரம் ஒன்று, கிறிஸ்துமஸ் பரீட்சை பேப்பர் கொடுக்கும் வாரம் இன்னொன்று.

2024இல் ஓண லீவு முடிந்து எட்டாம் வகுப்புப் பேப்பர்களைக் கொடுத்த வாரம். ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. பேசியது ஓர் அப்பா. "டீச்சருக்கு மாசம் பொறந்தா சம்பளம் வந்துருதுங்க. எங்க புள்ளைங்க எக்கேடு கெட்டா அவங்களுக்கென்ன? தமிழ்ல சேர்த்தது எம்பட தப்பு." மகள் கணக்கில் வாங்கியது டி கிரேடு. குழுவில் முப்பத்தாறு குடும்பங்கள். எல்லோரும் கேட்டார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனம்தான் பதிவைவிடச் சுட்டது.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றில் பாதிக்கு மேல் தப்பு. அந்தத் தப்புகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது தெரிந்தது. அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

படி 1: அந்த ராத்திரியைக் கடப்பது

சுடுசொல் காதில் விழுந்ததும் முதலில் பதில் சொல்வது உடம்பு. காது சூடாகும், கை நடுங்கும், வயிறு இறுகும். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடியுங்கள். பாத்திரம் கழுவ இருந்தால் கழுவுங்கள். கை ஈரமாக இருக்கும்வரை போனைத் தொட முடியாது, அது ஒரு வசதி.

குழுவில் எதுவும் எழுத வேண்டாம். நான் பதினோரு வரி எழுதினேன். எத்தனை வருட சர்வீஸ், சாயங்காலம் காசு வாங்காமல் எடுக்கும் கூடுதல் வகுப்பு, ஞாயிற்றுக்கிழமையும் மடியில் வைத்துத் திருத்தும் நோட்டுகள். ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனால் மறுநாள் ஊரில் ஓடிய பேச்சு, "டீச்சர் குரூப்ல சண்டைக்கு வந்துட்டாங்க" என்பதுதான். குழுவில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டு பேச ஆரம்பித்தால் மட்டும் ஒரு வரி போடலாம்: "கேட்டேன், நேரில் பேசுவோம்." அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம்.

பதிவை ஒரு தடவை கேட்டால் போதும். நான் ஒன்பது தடவை கேட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் குரலில் இல்லாத ஓர் ஏளனத்தைப் புதிதாகக் கண்டுபிடித்தேன். எழுதிப் பழக்கமில்லாதவர்கள் குரல் பதிவு போடுகிறார்கள். எழுதியிருந்தால் பாதியில் அழித்திருப்பார்கள். அதை மற்ற டீச்சர்களுக்கு அனுப்பாதீர்கள், அழித்தும் விடாதீர்கள். அது எங்கேயாவது பத்திரமாக இருக்கட்டும்.

வீட்டில் சொல்லலாம், சொல்ல வேண்டும். ஆனால் நமக்காகச் சண்டைக்குக் கிளம்புகிறவர்களைப் பிடித்து வைக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு அந்த அப்பாவை டீக்கடையில் தெரியும். "நான் பேசிக்கறேன், விடு" என்றார். டீக்கடையில் பேசித் தீர்ந்த பள்ளிக்கூடப் பிரச்சினை எங்கள் ஊரில் இதுவரை ஒன்றுகூட இல்லை.

படி 2: மறுநாள் காலை, அந்தப் பிள்ளை

இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பேன். அப்பாவோடு எப்போது பேசுவது, ஹெச்.எம்.மிடம், அதாவது தலைமையாசிரியரிடம், சொல்வதா வேண்டாமா என்பதெல்லாம் பிறகு யோசிக்கலாம். திங்கட்கிழமை முதல் பீரியடில் அந்தப் பிள்ளை இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். அதற்கு எல்லாம் தெரியும். அப்பா பதிவு போடும்போது பக்கத்தில் இருந்திருக்கும், அல்லது "போடாதீங்கப்பா" என்று கெஞ்சியிருக்கும். நீங்கள் வகுப்புக்குள் நுழையும் நேரம் அதன் கண் உங்கள் முகத்தில்தான் இருக்கும்.

நம்மில் யாரும் அப்பா மேலுள்ள கோபத்தைப் பிள்ளை மேல் காட்ட மாட்டோம். அப்படித்தான் நானும் நினைத்தேன், அடிக்கவில்லை, திட்டவில்லை, குத்திக் காட்டவில்லை. ஆனால் வேறொன்று செய்தேன். அவளைக் கேள்வி கேட்பதை நிறுத்தினேன். கேட்டுத் தெரியவில்லை என்றால் அது வீட்டுக்குப் போகும், வீட்டிலிருந்து குழுவுக்கு வரும், நமக்கெதற்கு வம்பு என்று. நோட்டில் தப்பைச் சுழித்து "திரும்பப் போடு" என்று எழுதுவதற்குப் பதில் ஒரு டிக் போட்டுத் தள்ளினேன். போர்டுக்குக் கூப்பிடவில்லை. "ஏன் நேத்து வரல?" என்றுகூடக் கேட்கவில்லை. மரியாதையாக ஒதுக்கிவிட்டேன். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது பொறுமை மாதிரி தெரியும். இரண்டாம் பெஞ்சிலிருந்து பார்க்கிற பதிமூன்று வயதுக்காரிக்கு அது என்னவென்று நன்றாகவே தெரியும்.

ஆகவே அந்தத் திங்கட்கிழமைக்குச் சில காரியங்களை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். முதல் பத்து நிமிடத்துக்குள் அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சாதாரணமாக ஏதாவது செய்யச் சொல்லுங்கள்: சாக்பீஸ் எடுத்து வரச் சொல்லலாம், ஜன்னலைத் திறக்கச் சொல்லலாம். அந்தப் பீரியடிலேயே, அதனால் பதில் சொல்ல முடியும் என்று உங்களுக்குத் தெரிந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். அப்பா பேசியதைப் பற்றிப் பிள்ளையிடம் எதுவும் கேட்காதீர்கள், "அப்பா கோபமா இருக்காரா?" என்ற அன்பான கேள்வியும் வேண்டாம். பிள்ளையே வந்து "சாரி டீச்சர்" என்றால், "அது பெரியவங்க விஷயம் கண்ணு, நாங்க பேசிக்குவோம். நீ அந்த மூணாவது கணக்கைப் போட்டயா?" என்று சொல்லிக் கணக்குக்குத் திரும்பிவிடலாம்.

அடுத்த இரண்டு வாரத்துக்கு டீச்சர் நோட்டின் ஓரத்தில் ஒரு சின்னக் குறி. அந்தப் பிள்ளையைக் கேள்வி கேட்ட நாளெல்லாம் ஒரு கோடு. கோடு இல்லாமல் மூன்று நாள் போனால் நீங்கள் ஒதுக்க ஆரம்பித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். மனசு இதில் நம்மை ஏமாற்றும், நோட்டு ஏமாற்றாது.

படி 3: சொன்னதைச் சொன்னபடி எழுதுவது

ஒரு காகிதத்தில் தேதி, நேரம் போட்டு, அவர் சொன்ன சொற்களை அவர் பேச்சிலேயே எழுதுங்கள். "என்னை அவமானப்படுத்தினார்" என்று எழுதினால் பிரயோஜனமில்லை. "மாசம் பொறந்தா சம்பளம் வந்துருதுங்க" என்று எழுத வேண்டும். அதற்குக் கீழே உங்களுக்கு எப்படி இருந்தது என்பதைப் பதினைந்து இருபது நிமிடம் தோன்றியபடி எழுதலாம். மனசைச் சுடும் விஷயத்தை இப்படிச் சில நாள் எழுதுவது பலருக்குப் பாரத்தைக் குறைக்கிறது என்று ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980களிலேயே ஆராய ஆரம்பித்தார். எனக்குத் தூக்கம் வந்தது, அது போதும்.

அடுத்த நாள் அந்தக் காகிதத்தை எடுத்து ஒவ்வொரு வாக்கியமாகப் பார்க்க வேண்டும். இதைச் சரிபார்க்க முடியுமா? என்னைப் பற்றியதா, வேறு எதைப் பற்றியதா?

என் காகிதத்தில் மூன்று வாக்கியம். சம்பளம் பற்றியதைச் சரிபார்க்க ஒன்றுமில்லை, அடித்துவிட்டேன். "எக்கேடு கெட்டா அவங்களுக்கென்ன" என்பதைப் பார்த்ததும் கோபம் வந்தது. கோபத்தோடு அந்தப் பெண்ணின் நோட்டை வாங்கிப் புரட்டினேன், எவ்வளவு திருத்தியிருக்கிறேன் என்று எனக்கே காட்டிக்கொள்வதற்காக. கடைசியாக நான் கையெழுத்துப் போட்டது பரீட்சைக்கு மூன்று வாரத்துக்கு முன்னால். நடுவில் இரண்டு பயிற்சி முழுக்கத் தப்பாகப் போட்டிருந்தாள், யாரும் பார்க்காமல் கிடந்தது. பாடங்களை ஓணத்துக்கு முன் முடித்தாக வேண்டும் என்று நான் ஓடிய வாரங்கள் அவை. அவ்வளவு வலித்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. அவர் கல்லெறிந்த இடத்தில் எனக்கு ஏற்கெனவே புண் இருந்தது. நமக்குச் சந்தேகமே இல்லாத விஷயத்தில் யாராவது குறை சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவோம். "டீச்சருக்குக் கணக்கு தெரியாது" என்று அவர் சொல்லியிருந்தால் நான் ஒன்பது தடவை கேட்டிருக்க மாட்டேன்.

மூன்றாவது வாக்கியம், "தமிழ்ல சேர்த்தது எம்பட தப்பு." இது என் காதில் விழவே இரண்டு நாள் ஆனது. அவர் அதை என்னிடம் சொல்லவில்லை, தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

எல்லையோரத்தில் வேலை பார்க்கும் எவரும் இந்த மூன்றாவது வாக்கியத்தைத் தேடிப் பழக வேண்டும். ஏறக்குறைய எல்லாப் புகாரிலும் அது எங்கேயாவது இருக்கும். தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வேண்டும் என்ற 350ஏ பிரிவு, மொழிவாரி மாநிலங்கள் பிரிந்த அதே 1956இல் அரசியல் சட்டத்தில் சேர்ந்தது. தொடக்கப் பள்ளிக்கு அது சரி. அதற்குப் பிறகு? பிளஸ் ஒன்னுக்குத் தமிழ்வழி கிடைக்குமா, பொள்ளாச்சிக்கு அனுப்புவதா, நாளைக்குக் கேரளத்தில் அரசு வேலைக்குப் போக மலையாளம் போதுமா, கோயமுத்தூரில் வேலை தேடினால் கேரளச் சான்றிதழை எப்படிப் பார்ப்பார்கள் என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. கேரளத்தின் 2017 சட்டம் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கியபோது அந்தக் கணக்கு மறுபடி போடப்பட்டது. 2024-25இல் எட்டாம் வகுப்புக்கு ஒவ்வொரு பாடத்திலும் எழுத்துத் தேர்வில் 30 சதவீதம் வேண்டும் என்று வந்தது; எடுக்காதவர்களுக்கு ஏப்ரலில் கூடுதல் வகுப்பும் மறுதேர்வும். டி கிரேடு என்றால் 20க்கும் 29 சதவீதத்துக்கும் நடுவில். அந்த அப்பா பேப்பரைப் பார்த்த ராத்திரி, மகளைத் தமிழில் சேர்க்கச் சொன்ன தன் வாயை நொந்துகொண்டிருந்தார். அண்ணன் பிள்ளைகள் ஆங்கிலவழிப் பள்ளிக்கு வேனில் போகிறார்கள். அவர் நொந்துகொண்டது என் மேல் வந்து விழுந்தது.

இதைத் தெரிந்துகொண்டதால் அவர் பேசியது சரியாகிவிடாது. ஆனால் அடுத்து நேரில் உட்காரும்போது எந்த வாக்கியத்துக்குப் பதில் சொல்வது என்பது தெளிவாகும்.

ஓர் இடைச்செருகல். வலிப்பதற்கு முன், இரண்டு பேரும் ஒரே மொழியில்தான் பேசினீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளியில் மலையாளம் எடுக்கும் ஒரு டீச்சர் டைரியில் "குட்டி நல்ல விக்ருதியாணு" என்று எழுதி அனுப்பினார். மலையாளத்தில் விக்ருதி என்றால் குறும்பு. பக்கத்து வீட்டில் படித்துக் காட்டியவர் அதை விகாரம் என்று சொல்லிவிட்டார். மறுநாள் அம்மா கேட் வாசலில் நின்று, "எம்புள்ளை மூஞ்சி விகாரமா இருக்குதுங்களா? நீங்களே பார்த்துச் சொல்லுங்க" என்று அழுதார். அந்த டீச்சருக்கு எதற்குத் திட்டு வாங்குகிறோம் என்றே புரியவில்லை. இன்னொரு அப்பாவுக்கு "கிளாசில் சம்சாரம் கூடுதல்" என்று போயிருந்தது. சம்சாரம் என்றால் மலையாளத்தில் பேச்சு. "பதிமூணு வயசுப் பையனுக்கு ஏதுங்க சம்சாரம்?" என்று அவர் ஸ்டாஃப் ரூமில் வந்து கேட்டதை நாங்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம். பெற்றோருக்குப் போகிற எந்தக் குறிப்பும், எந்தச் சுற்றறிக்கையும், தமிழில் ஒரு வரியாவது இல்லாமல் போகக் கூடாது. பாதிச் சண்டை அங்கேயே அடங்கிவிடும்.

படி 4: ஸ்டாஃப் ரூமில் ஒருவர் மட்டும்

ஒரே ஒருவரிடம் முழுசாகச் சொல்லுங்கள். "ஆமா, அந்த ஆளு அப்படித்தான்" என்று சொல்பவரைவிட, "நோட்டு எப்பத் திருத்தினே?" என்று கேட்பவர் நல்லது. டீ நேரத்தில் எல்லோர் முன்னிலும் சொன்னால் அந்த அப்பாவுக்கு ஒரு பட்டப்பெயர் விழும். பட்டப்பெயர் அவரோடு நிற்காது. அடுத்த வருடம் தங்கையைச் சேர்க்க வரும்போதும் ஸ்டாஃப் ரூமில் அதே பெயர் ஓடும்.

ஹெச்.எம்.மிடம் மறுநாளே சுருக்கமாகச் சொல்லிவிடுங்கள். புகாராகச் சொல்ல வேண்டியதில்லை, தகவலாகச் சொன்னால் போதும். வேறு யார் வாயிலோ அவர் கேட்கக் கூடாது.

படி 5: மூன்று நாளுக்குள் நேரில்

நான் மூன்று வாரம் தள்ளிப் போட்டேன். "அவரா வரட்டும்" என்ற வீம்பு. அவர் பக்கமும் அதே வீம்பு. நடுவில் அந்தப் பெண் தினமும் இரண்டு வீம்புகளுக்கும் நடுவில் போய் வந்தாள். அன்று ராத்திரியே பேசக் கூடாது, ஆனால் மூன்று நாளைத் தாண்டவும் கூடாது என்பது என் அனுபவம். பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் பற்றிப் பெற்றோரைக் கூட்டிச் சொல்வது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் ஆசிரியரின் கடமைகளில் ஒன்றாகவே இருக்கிறது. ஆகவே முதல் அழைப்பு நம்முடையதாக இருப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை.

அழைக்கும் நேரம் முக்கியம். காலை பதினொரு மணிக்கு வரச் சொன்னால் ஒரு நாள் கூலி போய்விடும். தென்னந்தோப்பு வேலைக்குப் போகிறவர், கோயமுத்தூர் மில்லுக்குக் கம்பெனி வேனில் போகிற அம்மா, நூறு நாள் வேலை, இங்கே தொழிலுறப்பு என்போமே, அதற்குப் போகிறவர், எல்லோருக்கும் இதே கதிதான். கூலியை இழந்து வந்து நிற்பவர் வரும்போதே கொதித்துக்கொண்டு வருவார். மணி அடிப்பதற்கு முன் காலையிலோ, வேலை முடிந்து சாயங்காலமோ, அவருக்குத் தோதான நேரம் கேளுங்கள். போனில் இவ்வளவு போதும்: "நீங்க குரூப்ல சொன்னதைக் கேட்டேங்க. பாப்பா படிப்பைப் பத்தி நேர்ல பேசணும். எந்த நேரம் உங்களுக்குச் சௌகரியம்?" போனிலேயே அவர் ஆரம்பித்தால் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, "இதெல்லாம் நேர்லயே பேசலாங்க" என்று முடித்துவிடுங்கள்.

உட்காரும் இடம்: ஹெச்.எம். அறை வேண்டாம், அது போலீஸ் ஸ்டேஷன் மாதிரி ஆகிவிடும். காலி வகுப்பறை நல்லது. நடுவில் மேசை போட்டு எதிரெதிரே உட்காராமல் ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, முன்னால் பிள்ளையின் நோட்டையும் பேப்பரையும் விரித்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நோட்டைப் பார்ப்பதில் ஒரு நிம்மதி உண்டு. பெண் ஆசிரியராகத் தனியாக இருந்தால், அல்லது அவர் குடித்துவிட்டு வரும் பழக்கமுள்ளவர் என்று தெரிந்தால், இன்னொரு டீச்சர் அதே அறையில் நோட்டுத் திருத்திக்கொண்டிருக்கட்டும். பிள்ளை வெளியே இருக்க வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம் அவர் பேசட்டும். இடையில் புகாதீர்கள். நீளமாகத்தான் இருக்கும். அவர் நிறுத்தியதும் அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே திருப்பிச் சொல்லிக் கேளுங்கள்: "நோட்டு பார்க்கறதில்லைங்கறீங்க, தமிழ்ல சேர்த்தது தப்போன்னு பயமா இருக்குதுங்கறீங்க. சரிங்களா?" இந்த ஒரு வரிக்கு முகம் மாறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்புறம் நோட்டைத் திறந்து, எந்த இடத்தில் பிள்ளை தடுக்கி விழுகிறது என்று ஒரே ஓர் இடத்தைக் காட்டுங்கள். பத்து இடம் காட்டினால் குற்றப்பத்திரிகை ஆகிவிடும். அடுத்த நான்கு வாரம் நீங்கள் செய்யப்போவது ஒன்று, வீட்டில் செய்ய வேண்டியது ஒன்று. வீட்டில் யாருக்கும் கணக்கு தெரியாது என்றால், "தினமும் நோட்டைத் திறந்து என் கையெழுத்து இருக்குதான்னு பாருங்க, இல்லைன்னா எனக்குப் போன் போடுங்க" என்று சொல்லலாம். நான் அதைச் சொன்னபோது அவர் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

உங்களுக்கு வலித்தது என்பதைச் சொல்ல வேண்டுமா? சொல்லலாம், ஒரு தடவை, கடைசியில், குற்றம் சாட்டாமல். "குரூப்ல போட்டது எனக்குக் கஷ்டமா இருந்துச்சுங்க. இனிமே எதுவானாலும் எனக்கே போன் பண்ணுங்க." அவர் மன்னிப்புக் கேட்பார் என்று காத்திருக்காதீர்கள். எங்கள் பக்கத்து ஆண்கள் மன்னிப்பை வாயால் கேட்பது அபூர்வம். போகும்போது "வர்றங்க டீச்சர்" என்ற குரலில்தான் இருக்கும், இருந்தால்.

அந்த அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. எழுந்து வாசல்வரை போனவர் திரும்பி, சத்தமில்லாமல், "அப்பறமுங்க டீச்சர், நீங்க இப்பெல்லாம் எம்புள்ளையக் கேள்வியே கேக்கறதில்லைங்களாமா. கணக்குல மக்குன்னு டீச்சர் கைவிட்டுட்டாங்கன்னு அழுகுது" என்றார். குரல் பதிவு ஒன்பது தடவை சுட்டது. இது ஒரே தடவைதான்.

படி 6: நம் பக்கம் தப்பு இருந்தால்

ஒரு வாக்கியத்தில் ஒப்புக்கொள்ளுங்கள், காரணம் சேர்க்காமல். "மூணு வாரமா நோட்டுப் பார்க்கல, அது என் தப்புங்க." அதற்குப் பின்னால் "ஆனால்" வரக் கூடாது. ஆனால் சேர்த்த மன்னிப்பை எங்கள் அம்மாக்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கூட்டலில் மார்க் விட்டுப்போயிருந்தால் அவர் எதிரிலேயே திருத்திக் கையெழுத்துப் போடுங்கள்.

அடித்ததாக, எல்லோர் முன்னிலும் கேவலப்படுத்தியதாகப் புகார் வந்தால் அதை "மனசு புண்பட்ட விஷயம்" என்ற கணக்கில் சேர்க்கவே கூடாது. உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை. பெற்றோர் எவ்வளவு கெட்ட வார்த்தையில் சொன்னாலும் அது விசாரிக்கப்பட வேண்டிய புகார். பாலியல் சம்பந்தமாக ஒரு சொல் வந்தாலும், யார் மேல் வந்தாலும், பள்ளிக்குள் பேசி முடிக்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது. போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும்.

படி 7: வரம்பு மீறினால்

சிலர் பேச வருவதில்லை, மிரட்ட வருகிறார்கள். ராத்திரி திரும்பத் திரும்பப் போன், சாதியை, ஊரை, பெண் என்பதை இழுத்துப் பேசுவது, "வழியில பார்த்துக்கறேன்" என்பது. இதற்குப் பெஞ்சும் நோட்டும் வேலைக்காகாது. தேதிவாரியாக எழுதி, பதிவுகளைச் சேர்த்து, ஹெச்.எம்.முக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னது சொல்லாததற்குச் சமம். பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) தலைவரை வைத்துக் கூப்பிட்டுப் பேசுவது அடுத்த கட்டம். அதற்கும் மேலே, கீழ் வகுப்புகளுக்கு உதவிக் கல்வி அதிகாரி (ஏ.இ.ஓ.), உயர்நிலைக்கு மாவட்டக் கல்வி அதிகாரி (டி.இ.ஓ.). மிரட்டல் என்றால் நேராகப் போலீஸ். குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 351ஆம் பிரிவு குற்ற மிரட்டலைப் பற்றியது. வகுப்புக் குழுவில் அட்மின் மட்டும் எழுதலாம் என்று மாற்றிவிடுங்கள். நாங்கள் மாற்றி ஒரு வருடத்துக்கு மேலாகிறது, யாரும் குறை சொல்லவில்லை. காலை வணக்கப் படங்கள் நின்றதில் எல்லோருக்கும் சந்தோஷம்.

படி 8: வலி போகவில்லை என்றால்

இரண்டு வாரம் தாண்டியும் தூக்கம் வராமல், சாப்பாடு இறங்காமல், அந்த வகுப்பு பீரியட் வரும்போதெல்லாம் நெஞ்சு படபடத்தால், பல்லைக் கடித்துக்கொண்டு சமாளிக்க வேண்டியதில்லை. டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416 நாடு முழுவதும் இலவசம், தமிழிலும் பேசலாம். கேரளத்தில் திஷா என்ற சுகாதார உதவி எண் 1056 இருக்கிறது. "இதுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க?" என்று தோன்றும். பண்ணலாம்.

படி 9: அடுத்த செப்டம்பருக்கு முன்

முதல் போன் புகாராக இருக்கக் கூடாது என்பதை நான் தாமதமாகத்தான் கற்றேன். பள்ளி ஜூனில் திறக்கிறது, ஓணப் பரீட்சைக்கு முன் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. ஒரு நாளுக்கு இரண்டு வீடு என்று வைத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் முப்பத்தாறு குடும்பமும் முடிந்துவிடும். பேச ஒரு நிமிடம்: "பாப்பா இன்னிக்குப் போர்டுல வந்து நல்லாப் போட்டாள், அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்." பள்ளியிலிருந்து போன் என்றதும் "என்ன பண்ணுச்சுங்க?" என்று பதறிக் கேட்கும் குரல், சேதியைக் கேட்டுச் சற்று நேரம் ஒன்றும் பேசாமல் இருக்கும். அப்படிப் பேசிய வீட்டிலிருந்தும் செப்டம்பரில் கோபம் வரும். ஆனால் அது குழுவுக்குப் போவதில்லை, என் எண்ணுக்கு வருகிறது.

இந்த ஜூனில் வகுப்பு பி.டி.ஏ.வில் ஒரு துண்டுக் காகிதம் கொடுத்து, எந்த நேரத்தில் அழைக்கலாம், எந்த மொழியில் எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தேன். ஒரு பாட்டி பேரனை விட்டு எழுதச் சொல்லிக் கொடுத்த காகிதத்தில் இருந்தது: "எப்ப வேணாலும் கூப்பிடுங்க. கெட்ட சேதின்னா சாப்பிட்டு முடிச்சப்பறம்."

அந்த எண்ணுக்கு எதிரே டீச்சர் நோட்டில் எட்டரை மணி என்று குறித்து வைத்திருக்கிறேன்.